முகம் பார்த்துப் பேசுகிறவள்

போன் மறுபடியும் அடித்தது. காதலியின் சிரிப்பையே பதிவுசெய்து ரிங்டோனாக வைத்திருந்தான் மகன். அது அடங்கும்வரை கண்ணை மூடிக் கேட்டானே தவிர, எடுக்கவில்லை.

"அப்பா உள்ளே தூங்கறார், சத்தத்தைக் குறை" என்றாள் அம்மா. "காலையிலேர்ந்து ஏழு தடவை கூப்பிட்டுட்டா. காலேஜ் சேர்ந்ததுலேர்ந்து அவளை 'வாலு, வாலு'ன்னு கொஞ்சி உருகினியே, இப்ப வேற யாராவது கிடைச்சுட்டாளா?"

"இல்லம்மா. அவ குரல் கேக்காம சாப்பாடே இறங்கல."

"அப்ப எடுத்துப் பேசித் தொலையேன்டா! பாவம், அவ என்ன தப்பு செஞ்சா?"

"தப்பு என்மேல. போன வாரம் லேட்டா வந்தாள்னு கை ஓங்கிட்டேன்."

அம்மா அவனையே பார்த்தாள். "அடிச்சியா?"

"இல்ல. கை பாதியில நின்னுடுச்சு."

"அப்புறம் என்ன? இத்தனை தடவை கூப்பிடறான்னா அவ மன்னிச்சுட்டான்னுதானே அர்த்தம்!"

"மன்னிச்சுட்டா. ஆனா கேள்வியை முடிக்கறதுக்குள்ளே பதில் சொல்ற வாயாடி, இப்பல்லாம் முதல்ல என் முகத்தைப் பார்க்கறாம்மா. நான் கோவமா இருக்கேனான்னு பார்த்துட்டுத்தான் வாயைத் திறக்கறா. அதான், என்னை விட்டுத் தள்ளியே இருன்னு எழுதி அனுப்பிட்டேன்."

"இதெல்லாம் ஒரு விஷயமாடா?"

"அந்தப் பார்வையை எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும்மா. அது உன்னோடது."

"என்னோடதா? நான் எப்படா அப்படி..." என்று குரலை உயர்த்திய அம்மா, சட்டென்று நிறுத்திவிட்டு உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.