நந்தியின் ஒற்றைக் காது

கரண்டு போனதும் மோசஸின் கையிலிருந்த மிஷின் பெருமூச்சு விட்டு நின்றது.

நந்தியின் வலது காது முடிந்திருந்தது. இடது காதில் பாதிதான் கல்லுக்கு வெளியே வந்திருந்தது. மீதிக்கு இனி கரண்டு வந்தாக வேண்டும்.

மாமல்லபுரத்துக் கல்பட்டறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டதில் அலைச்சத்தம் பெரிதாகக் கேட்டது. அந்த வருஷம் தினமும் இதே கதைதான். காலையில் போனால் உச்சிப்பொழுதுக்குத்தான் வரும்.

மோசஸ் மிஷினை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கல் அறுக்கும் பிளேடு பல்லெல்லாம் தேய்ந்து பொக்கையாகிக் கிடந்தது. மாற்றிவிடலாம், சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்தானே.

சுவரோரம் சாக்கு போட்டு உட்கார்ந்திருந்த ஜான்சன் அதைப் பார்த்தான். மோசஸின் மனைவி செங்கம்மாளுக்கு அவன் கூடப்பிறந்த தம்பி. ஒரே கூரைக்குக் கீழே வேலை, ஒரே சுவிட்சுப் பலகையில்தான் இரண்டு பேர் பிளக்கும். ஆனால் ஆடி மாதத்திலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அதனால் ஜான்சன் நந்தியிடம் பேசினான்.

“இன்னா நந்தி, மிஷின் சுவிட்சு ஆன்ல கீது, பிளேடு மேல கைய வெக்கிறாரே உன் ஆளு. சொல்லக் கூடாதா?”

மோசஸும் நந்தியைத்தான் பார்த்தான்.

“கரண்டே இல்லாத மிஷினுக்கு எவன் பயப்புடுவான்னு கேளு நந்தி.”

சோறு கொண்டுவரும்போதெல்லாம் செங்கம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். “ஒத்தக் காதுலயே அது இம்மாம் கேக்குது. ரெண்டாவதும் வந்துச்சின்னா செவிடாப் பூடும்.”

எல்லாம் ஒரு மூடியால் வந்த வினை. பிளேடின் மேல்பாதியை மறைத்து நிற்கிற இரும்பு மூடி. அது இருந்தால் நந்தியின் காதுக்குள் பிளேடு நுழையவில்லை என்று மோசஸ் கழற்றிக் கடாசிவிட்டான்.

மறுநாளே பிளேடிலிருந்து ஒரு பல் தெறித்தது. ஜான்சனின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பதிந்தது.

மோசஸ் சிரித்துவிட்டான். பயத்தில் வந்த சிரிப்பு. அப்படியென்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஜான்சன் “கொலகாரா” என்றான். அதோடு சரி.

அதற்கப்புறம் மிஷினும் சேர்ந்து முறைத்துக்கொண்டது. கரண்டு வந்தால் அக்கம்பக்கத்து மிஷினெல்லாம் உறுமும். மோசஸுடையது மட்டும் அசையாது. அதன் சுவிட்சை ஒருதரம் அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் கிளம்பும். உப்புக்காற்று உள்ளே போயிருக்கும் என்று செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். மெக்கானிக் பிரித்துப் பார்த்தான், துடைத்தான், கார்பன் மாற்றினான். “இதுல ஒண்ணுமே இல்லியே அண்ணாத்த” என்று கையை விரித்தான்.

வேலை தெரியாத பயல் என்று மோசஸ் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தான்.

இப்போது இடது கையால் பிளேடை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருகினான். நட்டு அடம்பிடித்தது. நாலு விரலும் பிளேடின் விளிம்பைச் சுற்றி வளைந்திருந்தன.

கரண்டு வந்துவிட்டது.

உச்சிப்பொழுதுக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. ஆனாலும் வந்துவிட்டது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. பக்கத்துப் பட்டறையில் யாரோ அணைக்காமல் தரையில் வைத்துப் போன மிஷின் எகிறிக் குதித்து அலறியது. “புடி, புடி! ஒயரப் புடுங்குடா!”

மோசஸால் விரலை எடுக்க முடியவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவே நேரம் பிடித்தது.

மடியில் மிஷின் செத்த பல்லி மாதிரி கிடந்தது.

சுவிட்சைப் பார்த்தான். ஆனில்தான் இருந்தது.

ஒயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனான். அது கல்தூளில் ஓடி, நந்தியின் வாலைச் சுற்றி, சாக்கின் ஓரமாக ஜான்சனின் முதுகுக்குப் பின்னால் போயிற்று. சுவிட்சுப் பலகையில் ஒரு பிளக்கும் இல்லை. மோசஸின் பிளக் ஜான்சனின் உள்ளங்கையில் இருந்தது.

ஜான்சன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து கடல் தெரியாது.

மோசஸின் கட்டைவிரல் தானாகச் சுவிட்சை அணைத்தது. ‘டக்’ என்ற அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், ஜான்சனின் கை, திரும்பிக்கூடப் பார்க்காமல், பழகிய கையாகப் பலகையைத் தேடிக்கொண்டு போயிற்று.

மோசஸ் அதைப் பார்த்துவிட்டான். கை பாதியில் நின்றது.

செங்கல்பட்டு மெக்கானிக் பாவம்.

ஆடியிலிருந்தா? கரண்டு போன ஒவ்வொரு தடவையும் பிடுங்கி வைத்தானா? மோசஸ் பழக்கதோஷத்தில் நந்தியின் பக்கம் திரும்பினான்.

“நந்தி, அந்த மூடிய எங்க கடாசினேன்னு உனக்குத் தெரியுமா?”

“என்னக் கேளு மாமா. அதுக்கு இன்னா தெரியும், கல்லு.”

ஜான்சன் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த சாக்கை மடித்துத் தள்ளினான். அடியில் மூடி இருந்தது. பொட்டுத் துரு இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தான்.

மோசஸ் பழைய பிளேடைக் கழற்றினான். மூடியைப் பொருத்தி, புது பிளேடை வைத்து முறுக்கினான். முறுக்கி முடித்து இடது கை விரல்களை எண்ணிப் பார்த்தான். அஞ்சும் இருந்தன. சுவிட்சை இன்னொரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டான்.

“உள்காத உளியால எடுத்துக்குறேன்” என்றான். நந்தியிடம் அல்ல. “போடு மச்சான்.”