காலர் மட்டும் தைத்தவர்

காலை வெயில் தையல் மிஷின் மேல் விழுகிறது. சட்டைக் கம்பெனி மூடியதால் ஆறு மாதமாக வேலையில்லாதவர், இந்தச் சின்னக் கடையில் வேலை கேட்டு வந்து, சோதனைக்கு ஒரு சட்டை தைக்கிறார். கம்பெனியில் இருபது வருடமும் அவருக்குக் காலர் மட்டும்தான். இங்கேயும் காலரின் இரு முனைகளும் மயிரிழை பிசகாமல் அமைகின்றன. முடித்ததும், மீதியைத் தைக்க அடுத்த ஆளிடம் கொடுத்துவந்த பழக்க தோஷத்தில், அதை இடப்பக்கம் நீட்டுகிறார். அங்கே வாங்கிக்கொள்ள ஆளில்லை, சுவர்தான் இருக்கிறது.

“ஏண்ணே, சுவரா மீதியத் தைக்கும்?” கடைக்காரம்மா சிரிக்கிறாள்.

அவர் முகம் சுருங்குகிறது. “மீதி எனக்குத் தெரியாதும்மா. வர்றேன்.”

“அட, உக்காருங்க! எனக்குக் காலர்தான் வராது. எத்தனை ஆர்டரத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா?”

சிபாரிசும் இல்லை, எவருடைய உத்தரவும் இல்லை; இவருக்குத் தெரிந்தது அவளுக்குத் தேவைப்படுகிறது. ஆண்டவன் வேலையை இப்படித்தான் உண்டாக்குகிறான் போலும். அவள் தன் மிஷினைத் தரதரவென்று இழுத்து, அவருக்கும் சுவருக்கும் நடுவே போட்டு உட்காருகிறாள்.