அவங்க பாடினது

வீட்டுப் பாட்டுப்பெட்டி தன் கிடங்கைத் தானே ஒழுங்குபடுத்தத் தொடங்கியிருந்தது. பாடியவர் பெயர் இல்லாத பாட்டையெல்லாம் அது அழித்துவிடும். காலமான கணவர் பாடியவற்றுக்கெல்லாம் தெய்வானை இட்டிருந்த பெயர் ‘அவங்க’.

“‘அவங்க’ பெயரல்ல. பாடியவர் பெயரைச் சொல்லுங்கள்,” என்றது பெட்டி.

“எங்க வீட்டுக்காரர்தான் பாடினாங்க!”

“அதுவும் பெயரல்ல. அழிக்கிறேன்.”

“அப்பா பேரைச் சொல்லும்மா! உன் குரலுக்குத்தான் அது கட்டுப்படும்!” என்று மகள் சிவகாமி கத்தினாள்.

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை உச்சரிக்காத நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“பூ... பூவராகன்!”

“நன்றி. அந்தப் பெயருக்கு இனிப் பாட்டு எதுவும் மீதமில்லை.”

தெருவே கேட்கும்படி அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள் தெய்வானை.