திரையில் ஒரு வெள்ளைக் கோடு

கணினித் திரையின் நடுவில் அந்த வெள்ளைக் கோடு இன்றும் நின்றது.

லிஃப்ட் மெக்கானிக் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கோடு அசையவில்லை. கட்டடத்தில் எங்கோ ஓடும் மின்சாதனத்தின் இரைச்சல்தான் திரையில் அப்படிக் கோடாக விழுகிறது. கடல் தாண்டி வரவேண்டிய நண்பரின் சிக்னல் சரியாக அந்த இடத்தில்தான் வரும். வந்துகொண்டும் இருக்கலாம். கோட்டுக்கு அடியில் புதைந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்?

நண்பர் ஒரு காலத்தில் கப்பலில் தந்தி அடித்தவர். இருவரும் நேரில் பார்த்ததில்லை. காதுக்கு எட்டாத மெல்லிய ரேடியோ அலையில் ஒரே ஒரு சொல்லை அங்கிருந்து இங்கே சேர்த்துவிட வேண்டும் என்று குளிர்காலம்தோறும் முயல்கிறார்கள். தந்தி எழுத்தின் ஒரு புள்ளி திரையில் விழவே ஒரு நிமிடம் பிடிக்கும். ஓர் எழுத்து முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

நாளை நண்பர் வீட்டு ஏரியல் கம்பத்தை இறக்குகிறார்கள். மகன் வீட்டை விற்றுவிட்டான். அவருக்கு இனி முதியோர் விடுதியில் ஓர் அறை. இன்று பொழுது சாயும் இந்த வேளைதான் கடைசி.

"தினமும் போன்ல பேசுறீங்க. அந்த ஒரு வார்த்தையை அதுலயே கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே, மச்சான்?" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் தம்பி.

"அது கம்பெனிக்காரன் கொண்டுவந்து குடுக்கிறதுடா. இது அவரே நடந்து வர்ற மாதிரி."

"நடந்தா? தவழ்ந்துன்னு சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டார். நண்பர் அனுப்பும் சொல் என்னவென்று முன்கூட்டிக் கேட்கக் கூடாது. ஊகிக்கவும் கூடாது. கண்ணால் கண்ட எழுத்தை மட்டுமே கண்டேன் என்று சொல்ல வேண்டும். கடவுள் முன்னால் சாட்சி சொல்வதுபோல என்பார். போன குளிர்காலத்தில் கடைசி எழுத்து ஒன்றுதான் மங்கிப்போனது. அது என்னவென்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அவர் "வரவில்லை" என்றே பதில் எழுதினார்.

இரைச்சல் சேரக் கூடாது என்று வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். ஃபிரிட்ஜ், விளக்கு, மின்விசிறி. பேட்டரியில் ஓடிய கணினி மட்டுமே வெளிச்சம்.

இருட்டுச் சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "என் மூச்சு ஒண்ணுதாங்க பாக்கி. அதையும் நிறுத்திடவா?"

இன்று கடைசி நாள் என்பதைக் கட்டடத்தில் அவள் சொல்லாத வீடு இல்லை. மொட்டைமாடியில் இருக்கும் ஏரியல் கம்பிச் சுருளுக்கு மழையுறை தைத்துக் கொடுத்த மாடி வீட்டுத் தையல்காரி, "இந்தத் தடவையாவது வரணும் அக்கா" என்று வேண்டிக்கொண்டாளாம்.

இந்த வெள்ளைக் கோடு இந்த ஆண்டுதான் வந்து சேர்ந்தது. சில வாரங்களுக்கு முன் அவர் கம்பி வளையம் ஒன்றையும் சிறு ரேடியோவையும் கையில் ஏந்தி, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கட்டடம் முழுக்கத் தேடிப் போனார். ஒரு கதவின் முன்னால் ரேடியோ காது கிழிய இரைந்தது. கதவு திறந்தது. உள்ளே பார்த்தார்.

"தண்ணி வருதாம்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

கண்டுபிடிக்க முடியவில்லை என்றுதான் வீட்டில் சொன்னார்.

"எவனோ ஓசி கரண்டுல மெஷின் ஓட்டுறான் மச்சான். என்கிட்ட மட்டும் மாட்டட்டும்..." என்று மைத்துனன் ஆரம்பித்தபோது, கோடு அறுந்தது.

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுந்தது. அது இருந்த இடம் மை பூசியதுபோல் கறுத்தது. அந்தக் கறுப்பில், தூசி படிந்ததுபோல ஒரு புள்ளி. அது இன்னும் முழுதாக விழவில்லை.

"போயிடுச்சு! மச்சான், சனியன் போயிடுச்சு! இதோ பாருங்க, உங்க ஆளு வர்றாரு!"

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஒரு கணம் காதைத் தீட்டிக்கொண்டு மேலே கூரையைப் பார்த்தார். பிறகு செருப்புகூடப் போடாமல் எழுந்து ஓடினார்.

"எங்க ஓடுறீங்க? எழுத்து வருது மச்சான்!"

மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவினார். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

தையல் மிஷின் துணி போர்த்தி மூலையில் கிடந்தது. தையல்காரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு கையை முழங்காலில் ஊன்றியிருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. மூக்கில் இருக்க வேண்டிய குழாய் மடியில் கிடந்தது. கட்டிலருகே ஆக்சிஜன் இயந்திரம் சத்தமில்லாமல் நின்றது. அதன் ஒயரைப் பிடுங்கி இன்னொரு கையில் இறுகப் பிடித்திருந்தாள்.

"அன்னைக்கு அந்த வளையத்தோட... வந்தீங்களே அண்ணா." உதடு நீலம் பாரித்திருந்தது. அதிலும் ஒரு சிரிப்பு. "தண்ணியா... கேக்க வந்தீங்க?"

அவர் ஒயரை அவள் கையிலிருந்து பிரித்தெடுத்துச் சொருகினார். இயந்திரம் உறுமி எழுந்தது. குழாயை அவள் மூக்கில் பொருத்தினார்.

"கொஞ்ச நேரம் தாங்கும்னு... நெனைச்சேன். வந்துச்சா?"

"வந்துச்சும்மா. முழுசா வந்துச்சு."

அவள் கண்ணை மூடிச் சிறிது நேரம் மூச்சு வாங்கினாள். நிறம் மெல்லத் திரும்பியது.

"என்ன சொன்னாரு அண்ணா?"

"நலமான்னு கேட்டாரும்மா."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள், கேட்டவருக்கே பதில் சொல்வதுபோல.

"போச்சு! கோடு திரும்பவும் வந்துடுச்சு மச்சான்! ஓர் எழுத்துகூட முடியலை..." கீழேயிருந்து மைத்துனனின் குரல் படியேறி வந்துகொண்டிருந்தது.

அவர் கை நீட்டிக் கதவைச் சாத்தினார்.