ஊரில எவடம்?

“மலிவா இருக்க வேணும் அங்கிள். ஆனா அமத்தினா வெடிக்கவும் வேணும்,” என்றான் றொக்சன்.

புரோசார்ட் நகரில் ஒரு பெரிய கடைத்தொகுதியின் கார் தரிப்பிடம், கடைசி வரிசை. நவம்பர்க் குளிரில் தேவதாசன் தன் காரின் பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பார்க்கிறவர்களுக்கு அவர் பழைய பனிக்கால ரயர் விற்கிற மனிதர். ரயருக்கு அடியில் வேறு சாமானும் கிடக்கும் என்பது காதோடு காதாகக் கேள்விப்பட்டவர்களுக்கு மட்டுமே தெரியும்.

“ரெண்டும் கேட்டா எப்பிடித் தம்பி? மலிவெண்டா சிக்கும். சிக்காததெண்டா விலை,” என்று சிரித்தார். “ஒரு பிஸ்ரல் கிடக்கு. நம்பி வாங்கலாம், ஒருக்காலும் குழப்படி செய்யாது. ரெண்டாயிரம்.”

“ஓம், சரி.”

தேவதாசனின் சிரிப்பு நின்றது. “என்ன தம்பி, சொன்ன விலைக்கே தலையாட்டுறீர்? விலை பேசாத தமிழனை நான் இந்த நாட்டில இண்டைக்குத்தான் காணுறன்.”

இது றொக்சனுடைய முதல் அலுவல். துவக்கு இல்லாமல் திரும்பினால் இரண்டாவது அலுவல் என்று ஒன்று கிடையாது என்று அவனை அனுப்பிய பெரியவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அவர் இரண்டு வரிசை தள்ளி, ஒரு வெள்ளை வானுக்குள் கோப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஆயிரத்தைந்நூறு தாறன்,” என்றான் அவசரமாக.

“இப்பதான் மனுசர் மாதிரிக் கதைக்கிறீர். ஆயிரத்தெழுநூறு, அதுக்குக் கீழ இல்லை.”

“எது ஆயிரத்தெழுநூறு? கொஞ்சம் வடிவாச் சொல்லுங்கோ அங்கிள்.” மேற்சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“பிஸ்ரல்தான், வேறென்ன? இந்த வயசிலயே காது அடைச்சுப்போச்சோ?”

அந்த நேரம் பார்த்து அவனுடைய கைபேசி அடித்தது. அம்மா. வெட்டினான். திரும்பவும் அடித்தது. அம்மாவுக்கு நேரம் காலம் எல்லாம் எங்கே தெரியப்போகிறது!

“எடும், எடும். தாய்மனுசியைக் காக்க வைக்கக் கூடாது,” என்றார் தேவதாசன்.

நாலடி தள்ளிப்போய் நின்று எடுத்தான். போன ஞாயிறு கோயிலுக்குப் பயித்தம் பணியாரம் கொண்டுபோன நீல மூடிப் பெட்டியைக் காணவில்லையாம். அடியில் பெயர் எழுதின பெட்டியாம். பெயரைக் கண்டும் கொண்டுபோக ஆருக்கு மனம் வந்ததாம்?

“அம்மா, நான் வேலையில நிக்கிறன். பேந்து கதைக்கிறன்,” என்று குசுகுசுத்துவிட்டு வைத்தான்.

திரும்பி வந்தபோது தேவதாசன் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “எங்கையோ கண்ட முகமாக் கிடக்கு. ஊரில எவடம் தம்பி?”

பெரியவர் அவனை இரண்டு கிழமை இருத்தி வைத்துப் பொய்க்கதை ஒன்றைப் பாடமாக்க வைத்திருந்தார். பொய்ப் பெயர் கெவின். பொய் முகவரி, பொய்யான காதலி கூட இருந்தாள். ஆனால் இப்படி ஒரு கேள்வி வரும் என்று அந்தப் பிரெஞ்சுக்கார மனுசனுக்கு எப்படித் தெரியும்? பாவம், அவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. றொக்சனையோ கதைக்கத் தொடங்கிய நாள் முதலாகக் கோயில் வாசலிலும் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாய் தன்பாட்டில் திறந்தது.

“பேசாலை.”

“அட, பேசாலையோ! ஆற்றை மகன்?”

“அக்னெஸ் ரீச்சற்றை. மூத்தவன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். கெவினாவது, மண்ணாவது!

தேவதாசன் அவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, தூரத்தில் நின்ற வெள்ளை வானைப் பார்த்தார். பிறகு அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

“அட, எங்கட ரீச்சற்றை பிள்ளை! காசை மடிச்சு வையும். உம்மட்டை நான் காசு வாங்கிறதோ? கொஞ்சம் பொறும், வாறன்.”

பின்மூடியை அடித்துச் சாத்திவிட்டு, காரின் பின்இருக்கையிலிருந்து கட்டிய பை ஒன்றைத் தூக்கி வந்து அவன் கையில் கொடுத்தார். பை கனமாக இருந்தது. உள்ளே ஏதோ உருண்டது. ஊர்ப்பெயரைச் சொன்னது பிழையில்லை, அதுதான் ஆளை மடக்கியிருக்கிறது என்று றொக்சனுக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம்.

சாமான் கைக்கு வந்ததும் தொப்பியைக் கழற்ற வேண்டும். அதுதான் பெரியவருக்கு அடையாளம். கழற்றினான். வானின் கதவு திறந்தது.

“துவக்கு இதுக்குள்ளையோ அங்கிள்?” என்று சத்தமாகக் கேட்டான்.

“துவக்கோ? எந்தத் துவக்கு? நான் ரயர் விக்கிறவன். விலைக் கதையெல்லாம் சும்மா பகிடிக்குத் தம்பி.”

றொக்சன் பதறிப்போய்ப் பையின் முடிச்சை அவிழ்த்தான். நீல மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டி. அடியில் சிவப்பு நகப்பூச்சால், வடிவான ரீச்சர் எழுத்தில், ‘அக்னெஸ்’.

“வெறும் பெட்டி திருப்பிக் குடுக்கக் கூடாதெல்லோ, அதுதான் நாலைஞ்சு தோடம்பழம் வைச்சிருக்கிறன்,” என்றபடி தேவதாசன் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

“உமக்குப் பொலிஸில வேலை கிடைச்சதெண்டு கோயில்ல தந்த பணியாரம் நல்ல ருசி, அம்மாட்டைச் சொல்லும்.”