வெடிமருந்து அறை துரை

"இன்னிக்கு அந்த ஆள நாலு கேள்வி கேக்காம விடப்போறதில்ல."

கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய மஞ்சுளா, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மகள் சுபஸ்ரீயை இழுத்துக்கொண்டு கோட்டைக்கு நடந்தாள்.

ஒரகடம் பக்கத்து அந்த ஊரில் இடிந்து கிடந்த பிரெஞ்சுக்காரன் கோட்டையைத் திரும்ப எடுத்துக் கட்டி, வரலாற்றுச் சின்னம் என்று போர்டு மாட்டி, தணிகாசலத்தை வாட்ச்மேனாகப் போட்டிருந்தார்கள். அந்த மனுஷன் கோட்டையைக் காத்தாரோ இல்லையோ, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்திவிட்டார்.

வெடிமருந்து அறையில் தலையில்லாத வெள்ளைக்கார துரை இருக்கிறானாம். உள்ளே வருகிறவர்கள் தலையை எடுத்து, தனக்கு அளவு சரியா என்று மாட்டிப் பார்ப்பானாம்.

ஒரு வாரமாய் சுபஸ்ரீ தூக்கத்தில் அலறுகிறாள். மூணாங்கிளாஸ் பிள்ளை பாயை நனைக்கிறது.

கோட்டை வாசலில் வாட்ச்மேன் இல்லை.

"நீ இங்கயே நில்லு. உள்ள ஒண்ணுமில்லன்னு நானே பாத்துட்டு வரேன்."

"வேணாம்மா. தலைய எடுத்துப்பான்."

"எடுத்து இன்னா பண்ணுவான்? பேன்தான் கீது."

சிரித்துக்கொண்டேதான் போனாள். அறைக்குள் கால் வைத்ததும் சிரிப்பு நின்றது. ஒரே இருட்டு, வௌவால் நாற்றம்.

தலைக்கு மேலே 'கர்ர்...' என்றது.

பிடரியில் ஏதோ பொடிப்பொடியாய் உதிர்ந்தது. மெல்லத் திரும்பினாள்.

பின்பக்க ஜன்னலில் நீளமான பட்டாளத்துக் கோட்டு நின்றது. அதற்கு மேல் தலை இல்லை.

"வெளிய போ..."

எப்படி ஓடி வந்தாளோ அவளுக்கே தெரியாது. வாசலில் மகளைக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், தலைக்கு மேல் ஏற்றிய பட்டாளத்துக் கோட்டை இறக்கிக்கொண்டே தணிகாசலம் மூச்சிரைக்க வந்தார்.

மஞ்சுளாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "யோவ், பெரிய மனுஷனா நீ? புள்ள ராத்திரியெல்லாம் தூங்கல தெரியுமா? உனக்கு இதான் பொழப்..."

தடால்.

அறைக்குள்ளிருந்து புழுதி கிளம்பியது. தணிகாசலம் டார்ச் அடித்தார்; உள்ளே அவள் சற்றுமுன் நின்றிருந்த இடத்தில் அம்மிக்கல் பருமனுக்கு ஒரு கல் கிடந்தது.

அவர் டார்ச்சை மேலே திருப்பினார்.

"புதுசா கட்டின வளைவும்மா. பொளந்துகினு வருது. ஆபீஸ்ல சொல்லிட்டேன், ஆளும் வரல, அறைக்குக் கதவும் வரல."

"ஒரு போர்டாவது வெக்கக் கூடாதாண்ணே?" மஞ்சுளாவின் குரல் இறங்கியிருந்தது.

"வெச்சேனே. 'இடியும், உள்ளே போகாதே'ன்னு. அது பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்கவே கும்பல் சேந்துச்சு. போர்ட கழட்டிட்டு துரைய வெச்சேன். அப்புறம் ஒரு ஈ காக்கா உள்ள போவல." சுபஸ்ரீயைப் பார்த்ததும் அவர் தலை குனிந்தது. "பாப்பா இவ்ளோ பயந்துக்கும்னு நெனைக்கல."

சுபஸ்ரீ அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது தெருமுனையில் பந்தாடிய பையன்கள் மறித்தார்கள். "அக்கா, உள்ள போனீங்களாமே. நெஜமாவே பேய் கீதா?"

மஞ்சுளா வாயைத் திறப்பதற்குள் சுபஸ்ரீ முந்திக்கொண்டாள்.

"கீதுடா. எங்கம்மா தல தப்பிச்சதே பெருசு. யாரும் அந்தப் பக்கம் போயிடாதீங்க."