ஹாலுக்கு ஒரு மவுஸ்

"கன்ட்ரோலர் வேண்டாம், தம்பி. மவுஸ் காட்டுங்கோ" என்றார் செல்வரத்தினம்.

வெஸ்ட்கேட் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்க்கும் திவாகர் மலேசியத் தமிழன். தமிழ்க் குரலைக் கேட்ட உற்சாகத்தில் கூடுதல் பொறுமையோடு இருந்தான்.

"அங்கிள், ஹால் டிவியில கேம் ஆடுறதுக்கு கன்ட்ரோலர்தான் சுகம். சோபால சாஞ்சிக்கிட்டே ஆடலாம்."

"சாயக் கூடாது. பொம்பிளை பாக்க வாற பெடியன் நிமிர்ந்து இருக்கோணும்."

பக்கத்தில் நின்ற மகள் பிரணவிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருகிறார் என்று அப்பா இன்று காலையில்தான் சொன்னார். வருகிறவருக்கு கேம் என்றால் உயிராம். பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேச வேண்டும். ஆனால் எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ஹாலிலேயே பேச வேண்டும். அதற்கு அப்பா கண்டுபிடித்த வழி, இரண்டு பேரையும் டிவி முன்னால் விளையாட உட்கார வைப்பது.

"வீட்டில இருக்கிற மவுஸே போதும், அப்பா."

"அது அவருக்கு வசதிப்படாது."

இரண்டு வருடமாக அவள் மனதில் ஒருவன் இருக்கிறான். காரில் வரும்போதே சொல்லிவிட நினைத்தாள். மோட்டார்வே முடிந்தது, கடையின் பார்க்கிங்கும் வந்துவிட்டது, வாய்தான் வரவில்லை. இன்று சொல்லாவிட்டால் ஞாயிறன்று யாரோ ஒருவன் முன்னால் தேநீர்த் தட்டோடு நிற்க வேண்டியதுதான். பயமாக இருந்தது.

திவாகர் நான்கைந்து மவுஸ்களை எடுத்து வைத்தான். கேம் என்றால் என்னவென்றே தெரியாத செல்வரத்தினம், கத்தரிக்காய் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் வலக்கைக்காரருக்கு. இடக்கைக்காரருக்கு இல்லையோ?"

"ஒண்ணு இருக்கு அங்கிள். யாரும் கேக்கிறதில்ல, உள்ள கிடக்கு" என்று திவாகர் போனான்.

பிரணவியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஆரெண்டே தெரியாத ஒருத்தர் எந்தக் கையால விளையாடுவார் எண்டது வரைக்கும் விசாரிச்சனீங்களோ? எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம், அப்பா!"

செல்வரத்தினம் கையிலிருந்த மவுஸை மெதுவாக வைத்தார்.

"நான் ஒருத்தரிட்டயும் விசாரிக்கேல்லைப் பிள்ளை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நானும் அம்மாவும் கோயிலுக்குப் போய் வந்து பாத்தா, ஹோல்ல மவுஸ் கீபோர்டுக்கு இடப்பக்கம் கிடக்கும். எங்கட வீட்டில எல்லாரும் வலக்கை."

பிரணவி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு முன்வாசலால வரச் சொல்லு" என்றார் அவர். "அதுசரி, மாப்பிள்ளைக்குப் பேர் என்ன?"